வார்சாவா, டொனாவெஷிங்கனா?

கொழும்பிலிருந்து சமகால இசை (இன்றைய மேற்கத்திய செவ்வியல் இசை) கேட்கவென்றே ஐரோப்பா போக ஒரு பயணத்துக்குத்தான் காசு இருக்கிறதென்றால், என் வாக்கு ‘வார்சா இலையுதிர்கால’ விழாவுக்கு. 1956இல் தொடங்கியது, செப்டம்பரில் ஒரு வாரத்துக்கு மேல் நடக்கும், போலந்தின் தலைநகரம் என்பதால் பல அரங்குகள், புதியவற்றோடு கடந்த நூற்றாண்டின் முக்கிய படைப்புகளும் ஒலிக்கும், முதல்முறை கேட்பவருக்கும் ஏதோவொரு பிடி கிடைக்கும். ஜெர்மனியின் டொனாவெஷிங்கன் விழா வேறு மாதிரி. 1921இல் தொடங்கியது, ஒக்டோபரில் ஒரு வார இறுதிதான், பெரும்பாலும் முதல் அரங்கேற்றங்கள். இசையமைப்பாளர் லிகெட்டியின் ‘அட்மொஸ்ஃபியர்ஸ்’ என்ற இசைப்படைப்பு 1961இல் அங்கேதான் முதலில் ஒலித்தது. ஊர் சின்னது, ஜெர்மனியில் சித்தப்பா வீடு இருந்தாலும் (வெள்ளவத்தையில் யாருக்குத்தான் இல்லை!) அது பக்கத்தில் இருக்காது. விசா இரண்டுக்கும் ஷெங்கன்தான். போக வசதியில்லையா, சரி, டொனாவெஷிங்கன் கச்சேரிகளை எஸ்.டபிள்யூ.ஆர் என்ற ஜெர்மன் வானொலி ஒலிபரப்பும், வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்கலாம்.