கும்பகோணத்துப் பழைய ஸ்டுடியோ: ஸ்கேனுக்குப் போகலாம், கலருக்கு வேண்டாம்

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்த ஸ்டுடியோவில் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து தருகிறார்கள். படத்துக்கு 150 ரூபாய். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போன தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தவற்றைக் கொடுத்தேன். ஓரமெல்லாம் பழசாகி, வெள்ளி பூத்த மாதிரி பளபளத்தது. ஒட்டியிருந்த அட்டையிலிருந்து பிரிக்கவே கடைப் பெரியவர் விடவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பின்பக்கம் அழிந்துபோன பென்சில் எழுத்தைப் படிக்க வைத்தார்: ‘சிங்கப்பூர், 1943’. அதற்கே காசு கொடுக்கலாம்.

1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேனைப் பெரிதாக்கியபோது, தாத்தாவுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த துணி, ராட்டை போட்ட மூவர்ணக் கொடி! இன்னொன்றில் துப்பாக்கியோடு பெண்கள் வரிசை. அந்த வருஷம்தான் சுபாஷ் சந்திர போஸ் அங்கே இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையைத் தொடங்கினார். தலைமை கேப்டன் லட்சுமி. சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழ்ப் பெண்கள். சரி, தாத்தாவுக்கு அங்கே என்ன வேலை? மளிகைக் கடையில் கணக்கெழுதியதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

குறையும் உண்டு. கடைப் பையன் கேட்காமலே ஏஐ போட்டுக் கலராக்கி, கூடுதலாக 300 ரூபாய் பில் போட்டுவிட்டான். தாத்தாவின் தொப்பியில் இல்லாத பேட்ஜ் ஒன்று முளைத்திருந்தது. துப்புத் தேடுகிறவர்களுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. சொன்னதும் அந்தக் காசைப் பில்லிலிருந்து கழித்துவிட்டார்கள். அப்புறம், டிஃப் (தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாகக் கேட்டு பென் டிரைவில் வாங்குங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை கடை லீவு.