டிரெயின் போல்ட்டா, வால்வா, உறிஞ்சும் பம்பா?

எஞ்சின் ஆயிலைத் தாங்களே மாற்றுகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரில், ஆயிலை வடிப்பதற்காக வண்டியோடு வந்த டிரெயின் போல்ட்; அதைக் கழற்றிவிட்டு அதே துளையில் பொருத்தும் டிரெயின் வால்வு; ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் குழாய் வழியாக மேலிருந்தே ஆயிலை இழுக்கும் பம்ப்.

போல்ட்டில் ஆயில் சீக்கிரமாகவும் முழுசாகவும் இறங்கும். காந்த முனை உள்ள போல்ட் என்றால் அதில் ஒட்டிய இரும்புத் தூளைப் பார்த்தே எஞ்சினின் தேய்மானத்தை ஊகிக்கலாம். சிக்கல் மரையில்தான். இன்று பல வண்டிகளில் ஆயில் சேம்பர் அலுமினியம். அளவு தெரியாமல் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் மரை போய்விடும். அப்புறம் சேம்பரையே மாற்றும் நிலைகூட வரலாம். கடைசிச் சுற்றில் சூடான ஆயில் கையில் வழிவது தனித் தொல்லை.

வால்வு இந்த இரண்டையும் தீர்க்கிறது. ஜப்பானின் ஃபுமோட்டோ வால்வில் நெம்பை விரலால் தூக்கிக் கால் சுற்று திருப்பினால் ஆயில் இறங்கும். ஸ்பிரிங் அந்த நெம்பைப் பள்ளத்தில் பிடித்து வைத்திருப்பதால் ஓட்டத்தில் தானாகத் திறந்துகொள்ளாது. ஜெர்மனியின் ஸ்டால்பஸில் நெம்பே இல்லை. அதற்குரிய குழாயை மாட்டினால்தான் திறக்கும். ஆனால் வால்வின் துளை போல்ட் துளையைவிடச் சிறியது. குளிர்ந்த ஆயில் மெல்லத்தான் வடியும். எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிக்கொள்வது நல்லது. மரைப்பகுதி சேம்பருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் சிறிது ஆயில் அடியில் தங்கவும் செய்யும்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது வால்வு எங்கே வந்து நிற்கும் என்பதைத்தான். போல்ட் பக்கவாட்டில் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. நேர்கீழே பார்த்து, அதுவே வண்டியின் தாழ்ந்த இடமாகவும் இருந்தால் வேண்டவே வேண்டாம். வேகத்தடையிலோ கல்லிலோ அடிபட்டு ஆயில் கொட்டினால், கவனிப்பதற்குள் எஞ்சின் போய்விடும்.

பம்புக்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. ஃபில்டரும் மேலேயே இருந்தால் வேலை சுலபம். ஆனால் குழாய் சேம்பரின் அடிவரை எட்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும்; சில புது வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது.

என் தேர்வு: லாரி, ஜெனரேட்டர் போல நிறைய ஆயில் பிடிக்கும் எஞ்சினுக்குத் தயங்காமல் வால்வு. தட்டு நிரம்பினால் நடுவில் மூடிவிட்டு மாற்றிக்கொள்ளலாம், சோதனைக்கு மாதிரி எடுப்பதும் எளிது. கீழே போதிய இடைவெளி உள்ள காரில் அடிக்கடி ஆயில் மாற்றுகிறவர்களுக்கும் வால்வுதான். பைக்குக்குப் போல்ட்டே போதும்.

வால்வு வாங்கும்போது மரையின் விட்டத்தோடு புரி இடைவெளியையும், அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரத்தையும், சரிபாருங்கள். 14 மி.மீ. விட்டத்தில் 1.5 மி.மீ. இடைவெளியும் உண்டு, 1.25-உம் உண்டு, மாற்றிப் போட்டால் சேம்பர் மரை கெடும். முதல் சில சுற்றுகள் கையாலேயே ஏற வேண்டும். பொருத்தியபின் சேம்பரைத் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.