தோல் ஷூ, பெல்ட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோவை கிராஸ்கட் ரோடு பக்கம் தோல் பொருள் எடுக்கப் போகிறீர்களா? பொருளை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க விடாத கடையில் பில் போடாதீர்கள்.

தங்கச்சி கல்யாணத்துக்காக பிரவுன் ஷூவும், அதே நிறத்தில் பெல்ட்டும் எடுத்தேன். கடை முழுக்க மஞ்சள் ஸ்பாட் லைட். அதன் கீழ் இரண்டும் ஒரே தோலில் வெட்டியது போல இருந்தன. வெளியே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றேன். "பில் போடாம வாசலைத் தாண்டக் கூடாதுங்ணா. ரெண்டும் ஒரே செட்டுதானுங்" என்றார் விற்பனையாளர். பில் கவுன்டரில் மட்டும் வெள்ளை லைட். ஆனால் அங்கே வருவதற்குள் டப்பாவில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள்.

4,150 ரூபாய் கட்டிவிட்டு வெளியே வந்து பிரித்தால் ஷூ செம்பழுப்பு, பெல்ட்டில் பச்சையடிக்கிறது. உடனே திரும்பிப் போனேன். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைக் காட்டினார்கள். முதலாளி ஒரு படி மேலே போய் டார்க் பிரவுன் பாலிஷ் டப்பாவை எடுத்து வைத்தார். "இதைப் போட்டா சரியாயிருமுங்க." அதற்கும் தனிக் காசு!

திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் இருக்கும் மச்சான், துணிக்கு ஷேடு பார்க்கிற லைட் பாக்ஸில் இரண்டையும் வைத்தான். குண்டு பல்பு வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்தியது. டிஎல்84-க்கு, அதாவது ஐரோப்பியக் கடைகளின் டியூப் லைட்டுக்கு, மாற்றியதும் நிறம் லேசாக வேறுபட்டது. பகல் வெளிச்சத்துக்கான டி65-இல் பெல்ட் அப்பட்டமாகப் பச்சை. "இது மெட்டாமெரிசம். ஒரு லைட்ல ஒரே நிறமாத் தெரியுற ரெண்டு பொருள் இன்னொரு லைட்ல வேற வேறயாத் தெரியும். எங்ககிட்ட துணி வாங்குற பையரா இருந்தா லாட்டையே திருப்பி அனுப்பிடுவான்" என்றான். ஷூவுக்கு ஒரு சாயக் கலவை, பெல்ட்டுக்கு வேறு. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. பிரவுன் செழிப்பாகத் தெரியும், பச்சைச் சாயல் அமுங்கிப்போகும். கருநீல பர்ஸ் கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான்.

இதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

போனில் படம் எடுத்துப் பார்ப்பதும் உதவாது, கேமரா தானாகவே மஞ்சளைக் குறைத்துவிடும். வாசலில் நேர் வெயில் படாத நிழலில், இரண்டையும் ஒட்டி வைத்துப் பாருங்கள். இருட்டிய பிறகு போனால், நிறம் சேராவிட்டால் மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் அடுத்த கடை.

நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன். இதே போல மாட்டியவர்கள் பில்லைத் தொலைக்காமல் நீங்களும் பதியுங்கள்.