சர்வரிலேயே மெயிலைப் பிரிக்க: புரோக்மெயிலா, சீவ்வா?

எந்த மெயில் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்ற விதிகளை மெயில் சர்வரிலேயே வைத்துவிட்டால், போனில் திறந்தாலும் கணினியில் திறந்தாலும் மெயில்கள் பிரித்தபடியே இருக்கும். அந்த விதிகளைப் புரோக்மெயிலில் எழுதுவதா, சீவ்வில் எழுதுவதா என்பதுதான் கேள்வி.

புரோக்மெயில் என்ற மெயில் பிரிக்கும் நிரல் 1990களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. வந்த மெயிலை அப்படியே ஒரு ஷெல் ஸ்கிரிப்டுக்கு, அதாவது சர்வர் கட்டளைகள் எழுதிய கோப்புக்கு, தள்ளிவிடலாம். பலம் அதுதான், ஆபத்தும் அதுதான்: விதி எழுதத் தெரிந்தவர் சர்வரில் கட்டளைகளையே ஓட்டலாம். எழுதும் முறையும் கரடுமுரடு. மெயிலைக் கோப்பில் சேர்க்கும் விதியின் முதல் வரி ‘:0:’ என்று இருக்க வேண்டும். கடைசி முக்காற்புள்ளியை விட்டால் இரண்டு மெயில் ஒரே நேரத்தில் எழுதப்படாமல் தடுக்கும் பூட்டுக் கோப்பு உருவாகாது. அப்போது எம்பாக்ஸ் கோப்பில் (பல மெயில்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ஒரே கோப்பு) ஒரே நேரத்தில் இரண்டு மெயில் விழுந்தால் ஒன்றோடொன்று கலந்துபோகலாம்.

சீவ் அப்படியல்ல. ஆர்எஃப்சி 5228 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்த, மெயில் பிரிக்கும் விதிகளுக்கான மொழி இது. லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) கிடையாது, வெளி நிரலை இயக்கும் வசதியும் அடிப்படையில் இல்லை. அதனால் பயனர்களிடமே தைரியமாகக் கொடுக்கலாம். விதிகளைச் சர்வரில் ஏற்றுவதற்கான மேனேஜ்சீவ் நெறிமுறை வழியாக, 4190 போர்ட்டில், அவர்களே விதிகளை ஏற்றிக்கொள்வார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று: எந்த விதியும் பொருந்தாவிட்டால் மெயில் இன்பாக்ஸுக்கே போய்ச் சேரும்.

சரி, எதை எடுப்பது? பழைய ஸ்கிரிப்டுகளை நம்பி ஓடும் தனி ஆள் சர்வர் என்றால் புரோக்மெயில் இருந்துவிட்டுப் போகட்டும். பலர் பயன்படுத்தும் சர்வர் என்றால் யோசிக்கவே வேண்டாம், டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருளோடு, அதற்குச் சீவ் வசதி தரும் பிஜன்ஹோலை நிறுவி சீவ்வில் எழுதுங்கள்.