எங்க ஊருக்கு வந்த ஏஐ எக்ஸ்ரே கேம்ப், அப்பாவ கூட்டிட்டு போன அனுபவம்

குறுவை அறுப்பு நேரத்துல வலங்கைமான் பக்கம் எங்க ஊர் ஸ்கூல்ல டிபி கேம்ப் போட்டாங்க. அப்பா ரைஸ் மில்லு உமித்தூசிலயே ஓட்டுன ஆளு, மூணு வாரமா இருமல், தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு போவோம்னா மில்லுல லோடு இருக்கு, அறுப்பு முடியட்டும்னு தள்ளிக்கிட்டே இருந்தாரு, நாலு தெரு தள்ளி கேம்ப்புன்னதும்தான் சட்டையை மாட்டுனாரு.

மெஷின் பெரிய கேமரா சைஸ்தான். தாயத்தை கழட்ட சொன்னாங்க, மூச்சை இழுத்து பிடிக்க சொன்னாங்க, அவ்ளோதான், கொஞ்ச நேரத்துல லேப்டாப்ல நெஞ்சு படம், அதை ஏஐ சாஃப்ட்வேர் படிச்சு வலது பக்கம் மேல செவப்பும் மஞ்சளுமா ஒரு திட்டு, பக்கத்துல 0.71னு ஒரு நம்பர் காட்டுச்சு. ரேடியாலஜி டாக்டர் இல்லாத எடத்துல 15 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்க படத்தை சாஃப்ட்வேர் படிக்கலாம்னு உலக சுகாதார நிறுவனமே 2021ல சொல்லிருச்சு. உலகத்துல டிபி வர்றவங்கள்ல சுமார் நாலுல ஒருத்தர் நம்ம நாட்டுலதான், அதனால இந்த வேகத்துக்கு முழு மார்க்.

ஆனா அப்பாவுக்கு 2004லயே டிபி வந்து மருந்து முழுசா சாப்பிட்டு குணமாயிருச்சு. அந்த தழும்பு நுரையீரல்ல அப்படியே நிக்கும். முன்னாடி டிபி வந்தவங்க, வயசானவங்க விஷயத்துல சாஃப்ட்வேர் தப்பா சந்தேகப்படுறது ஜாஸ்தி. அதை பேர் பதியுற எடத்துல யாரும் கேக்கல. டெக்னீசியன் தம்பி "ஐயாவுக்கு டிபி காட்டுது"ன்னு வரிசைல நின்ன அத்தனை பேர் காதுலயும் விழுற மாதிரி சொல்லிட்டாரு. அன்னைக்கு சாயங்காலம் அப்பா டீக்கடைக்கு போகல. தம்ளரை தனியா எடுத்து வெச்சுக்கிட்டாரு, பேத்திய கிட்ட வர விடல. நாலு நாள் இப்படியே.

எங்க நர்ஸம்மாதான் வந்து திண்ணைல உக்காந்து சொன்னாங்க, அந்த நம்பர் நோய் இல்லய்யா, சளி டெஸ்ட் எடுக்கணும்னு சொல்ற அடையாளம், எந்த நம்பருக்கு மேல எடுக்கணும்னு முடிவு பண்றதும் மனுஷங்கதான்னு. விடிகாலை சளிய டப்பால வாங்கிட்டு போய் ட்ரூநாட்ங்கிற டிபி கிருமி டெஸ்ட் போட்டாங்க, நெகட்டிவ். இருமலுக்கு இப்ப நெஞ்சு டாக்டர்கிட்ட பாக்குறோம்.

இன்னொன்னும் சொல்லணும். அதே கேம்ப்ல இருமலே இல்லாத ஒருத்தருக்கு பாசிட்டிவ் வந்துச்சு, யாருன்னு சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே எடுக்கலன்னா அவங்க இன்னும் நடவு வயல்லதான் நின்னுருப்பாங்க. இப்ப ஆறு மாச மருந்து ஆரம்பிச்சாச்சு, சத்துணவுக்கு மாசம் 1000 ரூபா அக்கவுண்ட்ல வரணும், 2024 நவம்பருக்கு முன்னாடி அது 500தான்.

போறவங்க படம் எடுக்கறதுக்கு முன்னாடியே பழைய டிபி இருந்தா சொல்லிருங்க. கேம்ப் நடத்துறவங்க ரிசல்ட்டை தனியா கூப்ட்டு சொல்லுங்க, அதுக்கு ஒரு திரை போதும். அடுத்த தடவை வந்தா அம்மாவையும் கூட்டிட்டு போவேன், அப்பாவோட 2004 மருந்து சீட்டு இப்பவே கவர்ல போட்டு வெச்சாச்சு.