இரவுக்குக் கம்பளி, பயணத்துக்கு பி.யு.எல்.: துணி டயப்பர் கவர்கள் ஓர் ஒப்பீடு

துணி டயப்பர் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது உள்ளே வைக்கும் துணியைப் பற்றித்தான். பருத்தியா, மூங்கில் இழையா, எத்தனை மடிப்பு, எத்தனை மணி நேரம் தாங்கும்? ஆனால் விடியும்போது படுக்கை நனைந்திருக்கிறதா, குழந்தையின் தோல் சிவந்திருக்கிறதா என்பதில் அந்தத் துணிக்கு மேலே போடும் கவருக்கும் பெரிய பங்கு உண்டு. கவரில் முக்கியமான வகைகள் மூன்று: பி.யு.எல். (நீர் புகாத படலம் ஒட்டிய துணி), ஃப்ளீஸ் (புசுபுசுவென்ற செயற்கை இழைத் துணி), கம்பளி. இவற்றில் பெற்றோர் அதிகம் தயங்குவது கம்பளியிடம்தான். உடம்பு வெந்துவிடாதா, துவைத்தால் சுருங்கிவிடாதா, ஸ்வெட்டர் துணி மூத்திரத்தை எப்படித் தடுக்கும் என்று அடுக்கடுக்காகச் சந்தேகம் வரும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவுத் தூக்கத்துக்குக் கம்பளியை மிஞ்ச எதுவும் இல்லை. பயணத்துக்கும், பிறந்த குழந்தையின் முதல் வாரங்களுக்கும் பி.யு.எல். நல்லது. ஃப்ளீஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான். ஏன் என்பதற்கு, ஒவ்வொன்றும் ஈரத்தை என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும்.

தடுப்பது, கசிய விடுவது, வாங்கி வைப்பது

பி.யு.எல். என்பது பாலியெஸ்டர் பின்னல் துணியின் ஒரு பக்கம் மெல்லிய பாலியூரித்தேன் படலத்தை ஒட்டிச் செய்வது. கரைப்பான் சேர்க்காமல் சூட்டால் மட்டும் ஒட்டியதை டி.பி.யு. என்று விற்கிறார்கள். பயன்பாட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த உத்தி பழையது. அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய் 1946இல் குளியலறைத் திரைச்சீலையை வெட்டி, நீர் புகாத டயப்பர் கவர் ஒன்றைத் தைத்தார். அப்போது புழக்கத்தில் இருந்த ரப்பர் ஜட்டிகள் குழந்தைகளின் தோலைப் படுத்திய பாடு அவருக்குப் பொறுக்கவில்லை. 1951இல் அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது. திரைச்சீலை போய் நைலான் வந்தது, அப்புறம் பி.யு.எல். வந்தது. நீரை ஒரு படலத்தால் மறிப்பது என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. படலம் நன்றாகவே மறிக்கிறது. ஆனால் நீரோடு நீராவியையும் பெரும்பாலும் உள்ளேயே நிறுத்திவிடுகிறது. பத்து மணி நேரம் தூங்கிய குழந்தையின் பி.யு.எல். கவரைக் கழற்றும்போது வருகிற அந்தப் புழுக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஃப்ளீஸும் பாலியெஸ்டர்தான், ஆனால் படலம் கிடையாது. இழை நீரை உறிஞ்சாது. இழைகளுக்கு நடுவே நிறைய இடைவெளி இருப்பதால் காற்றும் ஆவியும் தாராளமாக வெளியேறும். குழந்தை புரண்டுகொண்டும் தவழ்ந்துகொண்டும் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. உள்துணி ஊறிய பிறகு அதன் மேல் சப்பென்று உட்கார்ந்தால், அழுத்தம் தாங்காமல் நீர் இடைவெளி வழியாக வெளியே வந்துவிடும்.

கம்பளி இழையின் கதை வேறு. ஒவ்வொரு இழையின் மேற்புறமும் செதில் செதிலாக இருக்கிறது. அந்தச் செதில்களின் மேல் இயற்கையான கொழுப்புப் படிவு உண்டு. அதனால் நீர்த்துளி ஒட்டாமல் உருண்டு நிற்கும். இழையின் உட்புறம் கெரட்டின் என்ற புரதம். அது நீராவியை ஆசையோடு வாங்கிக்கொள்ளும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிய பிறகும் கம்பளி தொட்டால் ஈரமாகத் தெரியாது. வாங்கிய ஈரத்தை வெளிக்காற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும். மேலே லானோலின் பூசியிருந்தால் நீரை விலக்கும் வேலை இன்னும் நன்றாக நடக்கும். லானோலின் என்பது ஆட்டின் தோலில் சுரந்து ரோமத்தில் படியும் மெழுகு. ஆலையில் ரோமத்தைக் கழுவும்போது போய்விடுவதை நாம் திரும்பப் பூசிக்கொடுக்கிறோம்.

‘உடம்பு வெந்துவிடாதா’ என்ற கேள்விக்குப் பதிலும் இதில் இருக்கிறது. ஆவி வெளியேறுவதால், மெல்லிய கம்பளி கவருக்குள் புழுக்கம் பி.யு.எல்லைவிடக் குறைவு. கணுக்கால் வரை வரும் கம்பளிப் பேண்ட் வகை மட்டும் வெக்கையான இரவுக்கு வேண்டாம். ஜட்டி அளவில் இருப்பதே போதும்.

அழுத்தத்துக்குக் கம்பளியும் விதிவிலக்கல்ல. காரில் பெல்ட் போட்ட குழந்தை இருக்கையிலோ, இடுப்பில் இறுக்கிக் கட்டிய கேரியரிலோ வெகுநேரம் இருந்தால், நிறைந்துபோன உள்துணியின் ஈரம் கம்பளியைக் கடந்து உங்கள் சட்டைக்கு வரும். அடர்த்தியான கம்பளி கொஞ்சம் தாமதப்படுத்தும், முழுவதும் தடுக்காது. அந்த நேரங்களில் பி.யு.எல். போடுவதே புத்திசாலித்தனம்.

மூன்று வாரம் துவைக்காமலா?

கம்பளி கவரைத் தினமும் துவைக்க வேண்டாம் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். நியாயமான கேள்வி. புதிதாகக் கழித்த சிறுநீரில் நாற்றம் அதிகம் இல்லை. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது வருகிற அம்மோனியாதான் மூக்கைத் துளைக்கிறது. கம்பளி அம்மோனியாவைப் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடியது. காற்றாடக் காய்ந்துவிட்டால் பாக்டீரியாவுக்கு வேண்டிய ஈரமும் இல்லாமல் போகிறது. காலையில் கழற்றி உலர விட்டால் மாலைக்குள் மணமின்றி இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகும் வாடை அடித்தால், அன்று துவைக்க வேண்டும். வழக்கமாக அது இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். மலம் பட்டால் இந்தக் கணக்கு செல்லாது, அந்த இடத்தையாவது உடனே அலச வேண்டும்.

பி.யு.எல்லில் இந்தச் சலுகை இல்லை. மூத்திரம் மட்டும் என்றால் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் ஆற விட்டு, அடுத்த முறைக்குப் போடலாம். ஆனாலும் தினமும் துவைப்புக்குப் போய்விடும். பதிலுக்கு அது கேட்பதும் குறைவு: டயப்பர் துணிகளோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது. ஃப்ளீஸும் அப்படியே. அதில் துணி மென்மையாக்கி மட்டும் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு துவைப்பிலும் ஃப்ளீஸ் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் உதிர்க்கிறது என்பதும் எனக்கு உறுத்தும் விஷயம்.

கம்பளியைத் துவைக்கும் முறை

பயமுறுத்தும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஒரு வாளியில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெதுவெதுப்பான நீர், அதில் கம்பளிக்கென்று விற்கும் மென்மையான சோப்பு நீர்மம் கொஞ்சம். கவரை உள்வெளியாகத் திருப்பி அமிழ்த்தி, கால் மணி நேரம் விட்டு, கையால் மெல்ல அமுக்கி அமுக்கி எடுங்கள். கசக்குவது, தேய்ப்பது, அடித்துத் துவைப்பது எதுவும் கூடாது. கம்பளிச் செதில்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து இருப்பவை. ஈரமும் உரசலும் சூடும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு நகரும், திரும்பி வராது. சுருங்குவது என்று நாம் சொல்வது இதைத்தான். வெதுவெதுப்பான நீரிலிருந்து எடுத்து, அதே சூட்டில் உள்ள நீரில்தான் அலச வேண்டும்.

வீட்டில் இருக்கும் சாதாரண டிடர்ஜென்ட் வேண்டாம் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. கறை நீக்க அவற்றில் பலவற்றில் புரதத்தைச் சிதைக்கும் என்சைம் சேர்க்கிறார்கள். ரத்தம், பால் கறைகளை எடுப்பது அதுதான். கம்பளியும் புரதம், எனவே அதையும் மெல்ல அரித்துவிடும். குளோரின் பிளீச் இன்னும் மோசம், கம்பளியைக் கரைத்தே விடும்.

அலசியதை முறுக்கிப் பிழியாதீர்கள். ஒரு தடிமனான துவாலையில் விரித்து, துவாலையோடு சுருட்டி, மேலே கையை ஊன்றி அழுத்தினால் பெரும்பாலான நீர் போய்விடும். பிறகு நிழலில் தட்டையாகக் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையே அதை இழுத்து நீட்டிவிடும். காய ஒரு நாள் ஆகும், தடிமனாக இருந்தாலோ காற்றில் ஈரம் அதிகமாக இருந்தாலோ இரண்டு நாளும் ஆகும். மூன்று வகைகளில் மிக மெதுவாகக் காய்வது இதுதான். அதனால் இரவுக்கென்று குறைந்தது இரண்டு கம்பளி கவர்களாவது வேண்டும்.

லானோலின் பூசுவது

மாதம் ஒருமுறை என்று நாள் குறித்துக்கொள்ளத் தேவையில்லை, கவரே சொல்லும். காய்ந்த கவரின் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உருண்டு நின்றால் பிரச்சினை இல்லை. உடனே உள்ளே இறங்கினால் லானோலின் தீர்ந்துவிட்டது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் மார்புக்காம்பு வெடிப்புக்குத் தடவுகிற அதே சுத்திகரித்த லானோலின் போதும்.

அது சுமார் 40 டிகிரியில்தான் உருகும், தண்ணீரோடு தானாகக் கலக்காது. எனவே ஒரு கோப்பை நல்ல சூடான நீரில் சுண்டுவிரல் நுனி அளவு லானோலினைப் போட்டு, கம்பளி சோப்பு நீர்மம் சில சொட்டு விட்டு, பால் நிறம் வரும்வரை கலக்குங்கள். மேலே மஞ்சளாகத் திட்டுகள் மிதந்தால் இன்னும் கொஞ்சம் சோப்பு விட்டுக் கலக்க வேண்டும். அப்படியே விட்டால் அந்தத் திட்டுகள் துணியில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். பிறகு வெதுவெதுப்பான நீரைச் சேர்த்து, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆற்றி, துவைத்த கவரை உள்வெளியாகத் திருப்பி அதில் இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் அலசாமல், துவாலையில் சுருட்டி அழுத்திக் காயப்போட வேண்டும். புதிய கவருக்கு ஒரு முறை போதாது, இரண்டு மூன்று முறை பூசிய பிறகுதான் முழு பலன் தெரியும். ‘கம்பளி வாங்கினேன், முதல் நாளே ஒழுகியது’ என்று வருகிற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

தொட்டால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும், அவ்வளவே. கை வழுக்கும் அளவுக்குப் பூசினால், மிஞ்சியது உள்துணியில் படிந்து, அது ஈரம் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும்.

எந்தக் கம்பளி?

பட்டன் வைத்துச் சுற்றும் வகை பகலுக்கு வசதி, மாற்றுவதும் சுலபம். ஜட்டி போல இழுத்துப் போடும் பின்னல் வகை, நன்றாக உறிஞ்சும் டயப்பருக்கு மேல் இரவில் போடச் சிறந்தது. எதைப் போட்டாலும் உள்துணியின் விளிம்பு எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், அந்த வழியே ஈரம் ஏறி இரவுச் சட்டைக்கு வந்துவிடும்.

மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி மென்மையானது. தோலைக் குத்துவது 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள்தான், மெரினோ அதைவிட மெல்லியது. சூப்பர்வாஷ் என்று குறித்த கம்பளியில் செதில்களைக் குளோரின் கொண்டு மழுக்கி, மேலே பிசின் பூசுகிறார்கள். மெஷினில் போடலாம் என்ற வசதிக்காக அந்தச் செயல்முறை. கவருக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன், நீரை விலக்கும் மேற்பரப்பே அதில் மாறிவிடுகிறது.

செலவு தடுக்கிறது என்றால் அருமையான வழி ஒன்று உண்டு. யாரும் போடாத பழைய முழுக்கம்பளி ஸ்வெட்டரைச் சுடுநீரில் மெஷினில் வேண்டுமென்றே சுருங்க வையுங்கள். அடர்ந்து தடித்துவிடும், வெட்டினாலும் நூல் பிரியாது. கைகள் இரண்டும் கால் குழாய்களாகும், உடல் பகுதி இடுப்பாகும். கடைக் கவருக்குச் சமமாக உழைக்கும்.

எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ள குழந்தைக்கு மட்டும் முதலில் லானோலினைச் சிறிய இடத்தில் தடவிப் பார்ப்பது நல்லது. லானோலின் ஒவ்வாமை அரிது, ஆனால் இத்தகைய தோலுக்கு வாய்ப்பு கூடுதல்.

கம்பளியை நான் பரிந்துரைக்காத இடங்கள்

முதல் வாரங்களில் குழந்தை நீர்க்க நீர்க்க, அடிக்கடி மலம் கழிக்கும். அப்போது கம்பளி கவர் வைத்திருப்பது கவரைத் துவைக்கவே நேரம் போக்கும் வேலை. வயிற்றுப்போக்கு நாட்களும் அப்படியே. குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார், எல்லாத் துணியும் ஒரே மெஷினுக்குப் போகிறது என்றால், பி.யு.எல். கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கவர் பொம்மைக்குப் போடும் அளவில் திரும்பி வரும்.

பி.யு.எல்லும் எல்லாம் தாங்காது. அதிகச் சூட்டில் உலர்த்தினால் படலம் துணியிலிருந்து விட்டுவிடும், காலில் எலாஸ்டிக் தளரும். படலம் பிரிந்துவிட்டால் செப்பனிட வழியில்லை. கம்பளியில் ஓட்டை விழுந்தால் கம்பளி நூலால் தைத்துக்கொள்ளலாம், லானோலின் போனால் திரும்பப் பூசலாம். அடுத்த குழந்தைக்கும் உதவுவது பெரும்பாலும் கம்பளிதான்.

அப்படி எடுத்துவைப்பதாக இருந்தால் பயப்பட வேண்டியது அந்துப்பூச்சிக்கு. அதன் புழு கெரட்டினையே தின்று வளரும், அழுக்குப் பட்ட இடத்தை முதலில் பிடிக்கும். எனவே துவைத்து முழுக்கக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் மூடி வையுங்கள். அந்துருண்டை மட்டும் போடாதீர்கள். அதில் நாப்தலீன் இருந்தால், ஜி6பி.டி. என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை அது சிதைத்துவிடும். அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைப் போட்டே பச்சிளங்குழந்தைகளுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருப்பது பெற்றோருக்கே தெரியாமல் இருக்கலாம். யாராவது கொடுத்த பழைய கவரில் அந்த வாடை அடித்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், குழந்தைக்கு அதைப் போட வேண்டாம்.