தினமும் தூக்கிச் செல்ல ஒரு சின்ன டிஎஸ்எல்ஆர்: கெனன் 200டி-யா, நிக்கோன் டி3500-ஆ?

சின்ன டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கமரா, தேடுபவர்கள் முதலில் பார்ப்பது கிராம் கணக்கை. அந்தக் கணக்கு வெறும் பாடிக்கு உரியது. 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெடுக நெரிபட்டு வரும்போது இடிப்பது பாடி அல்ல, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லென்ஸ். ஆகவே இந்த வகைக் கமராவுக்குக் கேட்க வேண்டிய கேள்வி, லென்ஸோடு சேர்த்து எவ்வளவு தடிப்பு என்பதுதான்.

எடையில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் கிடையாது. பற்றரி, கார்டு சேர்த்து, 2013இல் வந்த கெனன் 100டி 407 கிராம், 2017இன் 200டி 453 கிராம், 2019இல் வந்து நம் பக்கம் 200டி மார்க் 2 என்று விற்கப்பட்ட 250டி 449 கிராம், 2018இன் நிக்கோன் டி3500 415 கிராம். ஐம்பது கிராமுக்குள் எல்லாம் அடங்கிவிடுகின்றன; பையில் ஒரு தேசிக்காய் கூடினால் குறைந்தால் தோளுக்குத் தெரியாது. எல்லாம் ஏபிஎஸ்-சி சென்சார், ஃபுல் ஃபிரேம் என்ற பழைய 35மிமீ ஃபிலிம் அளவைவிடச் சிறியது. 100டி மட்டும் 18 மெகாபிக்சல், மற்றவை 24. வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரிண்ட் போட 18 தாராளம்.

வித்தியாசம் தொடங்குவது லென்ஸில். கெனனிடம் ஈஎஃப்-எஸ் 24மிமீ எஃப்/2.8 எஸ்டிஎம் என்ற தட்டையான பான்கேக் லென்ஸ் இருக்கிறது. எடை 125 கிராம், தடிப்பு 22.8 மில்லிமீற்றர், அதாவது இரண்டேகால் சென்ரிமீற்றர். 200டியில் மாட்டினால் மொத்தம் 578 கிராம்; முன்பின் அளவு ஒன்பது சென்ரிமீற்றரைச் சற்றுத்தான் தாண்டும். அதே பாடியில் கிட் லென்ஸான 18-55ஐ மாட்டினால், மடக்கிய நிலையிலேயே பதின்மூன்று சென்ரிமீற்றர். ஒன்று அலுவலகப் பையின் பக்க அறைக்குள் போகும், மற்றதற்குத் தனிப் பை வேண்டும். தனிப் பை தேவைப்படும் கமரா இரண்டாம் மாதத்திலிருந்து அலுமாரியில்தான் இருக்கும்.

இந்த 24மிமீ, ஃபுல் ஃபிரேம் கணக்கில் 38மிமீ. தெருவுக்கும், சாப்பாட்டு மேசைக்கும், வீட்டுக்குள் நாலு பேரைச் சேர்த்து எடுக்கவும் சரியான கோணம். 16 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகலாம். முகத்தை மட்டும் எடுத்துப் பின்னணியைக் கலைக்க 50மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம் மலிவாகக் கிடைக்கிறது, 160 கிராம். ஆனால் அது இந்தப் பாடியில் 80மிமீ ஆகிவிடும். வெள்ளவத்தை அடுக்குமாடி வீடொன்றின் ஹோலில் பின்னால் நகர இடம் போதாது. ஒரே லென்ஸ்தான் என்றால் 24. ஒரு குறை: இதன் ஃபோகஸ் வளையம் மோட்டார் வழியாகத்தான் வேலை செய்யும், கமரா அணைந்திருந்தால் திருப்பியும் பயனில்லை. கை நடுக்கத்தில் படம் கலங்காமல் தடுக்கும் நிலைப்படுத்தியும் இதில் இல்லை. இருட்டில் 1/60 வினாடிக்குக் கீழே ஷட்டரை இறக்காமல், ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றிவிடுவது நல்லது.

நிக்கோன் ஏபிஎஸ்-சி கமராக்களுக்கான தன் டிஎக்ஸ் வரிசைக்கு ஓட்டோஃபோகஸ் பான்கேக் லென்ஸ் ஒன்றைச் செய்யவே இல்லை. டி3500இன் தோல்வி இதில்தான், பாடியில் அல்ல. 35மிமீ எஃப்/1.8ஜி அருமையான லென்ஸ், ஆனால் 200 கிராம், நீளமும் ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல். பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள, ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். தொடுதிரை இல்லை, வைஃபை இல்லை, மைக் துளை இல்லை. ஃபோனுக்குப் படம் அனுப்ப புளூடூத் மட்டும். இத்தனைக்கும் பிறகு அதில் என்ன இருக்கிறது என்றால், கைப்பிடி ஆழமானது, பெரிய கைக்கும் விரல் வழுக்காது. பற்றரி ஒரு சார்ஜுக்கு 1,550 படங்கள். கல்யாண வீட்டில் காலையிலிருந்து இரவு வரை இருந்தாலும் இரண்டாவது பற்றரியைத் தேட வேண்டாம். 200டிக்கு 650, 250டிக்கு 1,070, 100டிக்கு வெறும் 380.

200டியைப் பரிந்துரைக்க இன்னொரு காரணம் திரை. பக்கவாட்டில் விரிந்து சுழலும். செட்டியார் தெருவில் ஆடிவேல் தேர் புறப்படும்போது கூட்டத்துக்குப் பின்னால் நிற்பவர் கமராவைத் தலைக்கு மேல் தூக்கித் திரையைக் கீழே சாய்த்து எடுக்கலாம், விரலால் தொட்ட இடத்தில் ஃபோகஸ் உடனே விழும். டி3500இல் திரை அசையாது, திரை வழி ஃபோகஸும் மந்தம். கண்ணாடி எழும்பும் 'டக்' சத்தம் எல்லா டிஎஸ்எல்ஆருக்கும் உண்டு. கோயிலுக்குள் 200டியில் 'எஸ்' என்று குறித்த மென்மையான ஷட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். முற்றாக அடங்காது, திரும்பிப் பார்க்கும் தலைகள் குறையும்.

250டியை எடுக்கலாமா? பற்றரிக்காக மட்டும் என்றால் எடுக்கலாம். 4கே வீடியோ இருக்கிறதே என்பவர்களுக்கு: 4கேயில் காட்சி பெரிதாக வெட்டுப்படும், திரை வழி எடுக்கும்போது வேகமாக விழும் டூயல் பிக்சல் ஃபோகஸும் வேலை செய்யாது. இதைவிடத் தொல்லை மேலே உள்ள ஃபிளாஷ் தளம். நடு ஊசியைக் கெனன் எடுத்துவிட்டதால், ஒற்றை ஊசியை நம்பும் பழைய ஃபிளாஷ்களும் ஃபிளாஷைத் தூர வைத்து இயக்கும் மலிவான டிரிகர்களும் வேலை செய்யாது. கையில் ஏற்கெனவே அப்படி ஒரு ஃபிளாஷ் இருந்தால் 200டியோடு நின்றுகொள்ளுங்கள்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையில் கெனன் ஆர்50 375 கிராம்தானே, பிறகேன் இந்தப் பழசு என்று கேட்பது நியாயம். புதிதாக வாங்கும் காசு இருந்தால் அதையே வாங்கலாம். டிஎஸ்எல்ஆர் பக்கம் மிஞ்சியிருப்பது, பாவித்த லென்ஸ்களின் விலையும், காலி முகத்திடலின் மத்தியான வெயிலிலும் கண்ணாடி வழியே தெளிவாகத் தெரியும் வியூஃபைண்டரும்.

பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிக் கடைகளில் இந்த வகை இப்போது பெரும்பாலும் பாவித்ததாகவே கிடைக்கும். 'கிஸ்' என்று பெயர் போட்டிருந்தால் அது ஜப்பான் சந்தைக்கான கமரா. 100டிதான் அங்கே கிஸ் எக்ஸ்7, 200டி கிஸ் எக்ஸ்9. காசு கொடுக்க முன் மெனுவில் ஆங்கிலம் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரின் தட்டை ஊசி பிரச்சினையில்லை, 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், அடாப்டர் போதும். வாரண்டி ஏஜென்டுடையதா கடையுடையதா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

பிறகு லென்ஸைக் கழற்றி, இரண்டு மூடியையும் எடுத்து, ஃபோன் டோர்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை நூல்போலக் கிளைவிட்டுத் தெரிந்தால் அது பூஞ்சணம், தூசி அல்ல. விலை குறைக்கிறேன் என்றாலும் வேண்டாம். கெனன் லென்ஸின் உள்துளை கழற்றினாலும் முழுதாகத் திறந்திருக்கும். நிக்கோன் ஜி லென்ஸ் மூடிக்கொள்ளும், பின்னாலுள்ள சின்ன நெம்பைத் தள்ளிப் பிடித்தால்தான் உள்ளே தெரியும். சென்சாரைப் பார்க்க எஃப்/16இல் வெள்ளைச் சுவரைக் கொஞ்சம் மங்கலாக எடுத்துத் திரையில் பெருப்பியுங்கள். ஓரிரு கரும்புள்ளி தூசி, துடைக்கலாம். இடம் மாறாத கோடு என்றால் கீறல். இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற ஷட்டர் எண்ணிக்கை நிக்கோனில் படத்தோடு பதிவாகும் எக்சிஃப் தகவலிலேயே இருக்கும். கெனன் இந்த வகையில் அதை எழுதுவதில்லை, கணினியில் யுஎஸ்பி வழியாக மென்பொருளால்தான் படிக்க வேண்டும். 200டிக்கு மலிவான எல்பி-இ17 பற்றரி வாங்கினால் அதற்கான சார்ஜரையும் சேர்த்து வாங்குங்கள். கெனன் சார்ஜர் பலவற்றை ஏற்காது.

இவற்றில் எதற்கும் தண்ணீர், தூசித் தடுப்பு இல்லை. மரீன் டிரைவில் காற்று அடிக்கும்போது லென்ஸ் மாற்றாதீர்கள். வீடு வந்ததும் சற்று ஈரமான துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள், உப்பு பட்டன் இடுக்கில்தான் தங்கும். ஏசி அலுவலகத்திலிருந்து வெளியே வந்தால் பை ஸிப்பைத் திறக்காமல் இருபது, முப்பது நிமிடம் விடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். தோல் உறையில் நாட்கணக்காக வைக்கவே கூடாது. புறக்கோட்டையில் வாங்கிய காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு பிடி செம்மஞ்சள் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி, இவ்வளவும் போதும். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். ஜெல் பச்சையாகிவிட்டால் ஓவன் அடுப்பில் மிதமான சூட்டில் பழைய நிறம் வரும்வரை காய வைத்து, ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அதைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.